நிதி திரட்டும் பெருவிழாக்கள்: அறப்பணிக்கு அவை தரும் பயன்

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

நம் கல்வி உதவி நிதிக்காக எதிர்வரும் ஆண்டில் பெரியதொரு நிதி திரட்டும் விழா நடத்தலாமா என்னும் வினா இப்பொதுக்குழுவின் முன் வைக்கப்பட்டுள்ளது. இது குறித்து நம்மிடையே இருவகைக் கருத்துகள் நிலவுவதை அனைவரும் அறிவோம். "விழா என்பது வீண் செலவு, அந்தப் பணத்தை நேரே பிள்ளைகளின் கட்டணமாகச் செலுத்திவிடலாமே" என்பது ஒரு சாரார் வாதம். "கூட்டம் கூட்டாமல் எவரும் கை நீட்டிக் கொடுப்பதில்லை; வீடு வீடாக ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலம் போதும்" என்பது மற்றொரு சாரார் வாதம். இரு வாதங்களிலும் உண்மை உண்டு. ஆனால் இரு சாராருமே விழா நடைபெறும் அந்த ஒரு நாளின் வசூலை மட்டுமே கணக்கில் கொண்டு பேசுகின்றனர். விழாவுக்கு முந்திய ஆறு மாதங்களையும் பிந்திய மூன்று ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தாலன்றி இவ்வினாவுக்கு விடை கிடைக்காது என்பதே நாம் இங்கு எடுத்துரைக்க விரும்புவது.

அறப்பணிக்காகப் பலரைக் கூட்டிப் பொருள் திரட்டுவது நம் நாட்டிற்குப் புதியதன்று. அலீகரில் முகமதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரியை எழுப்பிய சர் ஸையித் அஹ்மத் கான் அவர்கள் நன்கொடைக்காகப் பட்ட பாடு பலரும் அறிந்ததே. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் பிரபுவை அழைத்து அடிக்கல் நாட்டச் செய்தார்கள். குலுக்குச் சீட்டு நடத்திக்கூடப் பணம் சேர்த்தார்கள். அதற்காக அன்றே கடுங்கண்டனத்திற்கும் ஆளானார்கள். அவ்வழியை நாம் பின்பற்ற வேண்டும் என்று எவரும் கூறமாட்டோம். கருதத்தக்கது வேறொன்று. அக்கல்லூரியின் ஸ்ட்ரேச்சி மண்டபச் சுவர்களில் கொடையாளர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இந்துப் பெருமக்களின் பெயர்களும் உண்டு. கல்லூரியின் கதவு அனைத்துச் சமயத்தாருக்கும் திறந்திருந்தது. அங்கு பயின்று முதன்முதல் பட்டம் பெற்றவரே ஈஸ்வரி பிரசாத் என்னும் இந்து மாணவர்தாம். கதவு எவருக்குத் திறந்திருந்ததோ, அவர்களிடமிருந்தும் கொடை வந்தது. இக்கருத்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். வருமானவரிச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் தேவைப்படும்.

தற்காலத்து நிதி திரட்டும் பெருவிழாக்களுக்கெல்லாம் முன்னோடியாகக் கூறப்படுவது 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் நகரின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் பங்களாதேஷ் அகதிகளுக்காக நடைபெற்ற இசை நிகழ்ச்சியாகும். இசை நிகழ்ச்சியைப் பள்ளிவாசல் வளாகத்தில் எடுத்துக்காட்டாகக் கூறுவதேன் என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். நாம் எடுத்துக்கொள்வது அதன் இசையை அன்று; அதன் வரவு-செலவுப் புத்தகத்தை. அதில் கற்க வேண்டிய பாடம் ஏராளம்.

1970 நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தானைப் பெரும் புயல் தாக்கி இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்டது. அதனைத் தொடர்ந்து 1971 மார்ச்சில் போர் மூண்டது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தனர். வங்காளக் குடும்பத்தில் பிறந்த சிதார் கலைஞர் பண்டிட் ரவிசங்கர் இத்துயரைக் கண்டு உளம் நொந்து, தாம் ஒரு சிறு நிகழ்ச்சி நடத்தி இருபத்தையாயிரம் டாலர் அளவில் சேர்த்து அனுப்பலாம் என்று எண்ணினார். தம் நண்பரும், பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்தவருமான ஜார்ஜ் ஹாரிசனிடம் இதனைக் கூறினார். ஹாரிசன் அதனைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, சில வாரங்களுக்குள் உலகப் புகழ் பெற்ற கலைஞர்கள் பலரை ஊதியமின்றி வரச்செய்தார். ஒரே நாளில் பிற்பகலும் இரவுமாக இரு காட்சிகள். ஏறத்தாழ நாற்பதினாயிரம் பேர் வந்தனர். (ரவிசங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்தவுடனேயே அதனையே இசை என்று கருதி அரங்கம் கைதட்டியது என்பது சுவையான செய்தி. கொடுக்க வந்தோர் எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை அறிந்திருக்கச் செய்வதும் விழா நடத்துவோரின் கடமையே!)

நுழைவுச் சீட்டின் வாயிலாகக் கிடைத்த தொகை 2,43,418 டாலர். எண்ணியதைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு. அத்தொகை அம்மாதத்திலேயே ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் வசம் ஒப்படைக்கப்பட்டது. இத்துடன் கதை முடிந்திருந்தால் வெற்றிக்கதை என்று கூறிக் கைகட்டி அமர்ந்துவிடலாம். ஆனால் பெருந்தொகை அதன் பின்னரே வந்தது. நிகழ்ச்சியின் இசைத்தட்டுத் தொகுப்பு அவ்வாண்டின் இறுதியில் வெளியாயிற்று. மறு ஆண்டு திரைப்படம் வந்தது. இரண்டும் உலகெங்கும் விற்பனையாகி, வாயிற் வசூலைப் போல் பல மடங்கு ஈட்டின.

அந்தப் பணம் என்னவாயிற்று? நிகழ்ச்சியை நடத்தியது ஓர் அறநிறுவனம் அன்று. யுனிசெஃப் முன்கூட்டியே இதில் பங்காளியாகச் சேர்க்கப்படவில்லை. வரிவிலக்குக்கான விண்ணப்பமும் உரிய காலத்தில் செய்யப்படவில்லை. அவசர அவசரமாகச் சில வாரங்களில் ஏற்பாடு செய்ததன் விளைவு இது. ஆகவே அமெரிக்க வரித்துறை, இவ்வருவாய் வரிக்கு உட்பட்டதே என்று கூறி, தணிக்கையில் நிறுத்திவிட்டது. ஆண்டுகள் உருண்டன. போர் முடிந்து புதிய நாடு பிறந்தது. 1974-இல் அந்நாட்டைப் பஞ்சமும் வாட்டியது. ஆனால் அந்நாட்டுக் குழந்தைகளுக்கென்று மக்கள் கொடுத்த பணத்தின் பெரும்பகுதி வரித்துறையின் பிடியில் பத்தாண்டு அளவுக்குத் தங்கிக் கிடந்தது. பிரிட்டனிலோ இசைத்தட்டின் மீதான விற்பனை வரியை விட்டுக்கொடுக்க அரசு மறுத்தது. ஹாரிசன் தம் சொந்தப் பணத்திலிருந்து பெருந்தொகையை வரியாகச் செலுத்த நேர்ந்தது. 1985 வாக்கில் மொத்தமாக ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் டாலர் நிவாரணத்திற்குச் சென்று சேர்ந்ததாக மதிப்பிடப்பட்டது. சேர்ந்தது மகிழ்ச்சியே. எனினும் 1972-இல் பசித்த குழந்தைக்கு 1982-இல் வந்த பணம் எவ்விதத்தில் உதவும்?

இந்நிகழ்ச்சியில் எவரும் திருடவில்லை, எவரும் ஏமாற்றவில்லை. நல்லெண்ணத்திற்குக் குறைவே இல்லை. குறைந்தது ஆவணம் ஒன்றே. நம் ஜமாஅத்தில் "நல்ல காரியத்திற்கு எதற்கு இத்தனை காகிதம்?" என்று கேட்கும் அன்பர்கள் இதனைச் சிந்திக்க வேண்டுகிறோம்.

இதே நிகழ்ச்சிக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அந்நாள் வரை பங்களாதேஷ் என்னும் பெயரைக் கேட்டறியாத கோடிக்கணக்கானோர் ஒரே நாளில் அப்பெயரை அறிந்துகொண்டனர். அதுவும் நிதியே, காசாக எண்ண இயலாத நிதி. 2005-ஆம் ஆண்டில் அத்திரைப்படம் மீண்டும் வெளியிடப்பட்டபோது, யுனிசெஃப் அமைப்புடன் இணைந்து ஹாரிசன் பெயரிலேயே ஒரு நிதியம் தொடங்கப்பட்டது. ஒரு நாள் நிகழ்ச்சியின் விளைச்சல் முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்தும் கைக்கு வந்தது. ஆனால் இம்முறை முறையாக அமைக்கப்பட்ட நிதியத்தின் வழியே.

அடுத்து, நமக்குச் சற்று நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு. லாகூரில் உள்ள ஷவ்கத் கானும் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை. கிரிக்கெட் வீரர் இம்ரான் கானின் தாயார் 1985-இல் புற்றுநோயால் காலமானார். ஏழைகளுக்குக் கட்டணமின்றிப் புற்றுநோய்ச் சிகிச்சை தரும் மருத்துவமனை சாத்தியமே இல்லை என்று மருத்துவர்கள் பெரும்பாலோர் கூறியதாக அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். விளையாட்டு அரங்குகள், வெளிநாட்டு விருந்துகள் என்று தொடங்கிய நிதி திரட்டல், 1992 உலகக் கோப்பை வெற்றிக்குப் பின் வேகம் பெற்றது. ஆயினும் கட்டடம் முடியும் தறுவாயில் பணம் போதவில்லை. அப்போது, 1994-இல், அவர் செல்வந்தர்களின் விருந்து மண்டபத்தை விட்டுத் தெருவுக்கு இறங்கினார். இருபத்தேழு நகரங்களில் திறந்த வாகனத்தில் சென்று பொதுமக்களிடம் நேரே கேட்டார். பள்ளி மாணவர்கள் உண்டியல் ஏந்தித் திரட்டினர். அவ்வாண்டு டிசம்பர் 29 அன்று மருத்துவமனை திறக்கப்பட்டது.

நாம் கவனிக்க வேண்டியது திறப்பு விழாவுக்குப் பிந்திய காலத்தையே. கட்டடத்திற்கு ஒருமுறை பணம் வேண்டும். இலவசச் சிகிச்சைக்கோ ஆண்டுதோறும் வேண்டும். தெருவில் பத்து ரூபாய் போட்ட மாணவன் வளர்ந்து சம்பாதிக்கும்போது, அந்த மருத்துவமனை தன்னுடையது என்னும் எண்ணத்தோடு ஜகாத்தை அங்கு அனுப்புகிறான். அம்மருத்துவமனை ஒவ்வோராண்டும் தன் வரவு-செலவைத் தணிக்கை செய்து வெளியிடுகிறது. ரமளானில் நன்கொடையாளர்களைக் கூட்டி இஃப்தார் நிகழ்ச்சிகள் நடத்துகிறது. 2015 டிசம்பரில் பெஷாவரில் இரண்டாவது மருத்துவமனையும் திறக்கப்பட்டது. முதற்பெருவிழாக்கள் கொடுத்தது வெறும் செங்கல்லை அன்று, கொடையாளர்களின் ஒரு தலைமுறையை.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்றைக் கூற வேண்டும். 2014 கோடையில் தலையில் பனிக்கட்டி நீரைக் கொட்டிக்கொள்ளும் சவால் ஒன்று உலகெங்கும் பரவியது நினைவிருக்கலாம். நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். என்னும் கொடு நோய்க்கான ஆய்வுக்காக நிதி திரட்டவே அது. அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்திற்குச் சில வாரங்களில் 11½ கோடி டாலர் வந்து குவிந்தது. அப்பணத்தின் பெரும்பகுதி ஆய்வுக்குச் சென்று, அந்நோயோடு தொடர்புடைய மரபணு ஒன்று 2016-இல் கண்டறியப்பட அது துணை நின்றது. ஆகவே வீண் என்று தள்ளிவிட இயலாது. ஆனால் மறு ஆண்டு ஆகஸ்டில் அதே சவாலை மீண்டும் நடத்தியபோது வந்தது முந்தியதில் மிகச் சிறு பங்கே. வேடிக்கைக்காக வந்தோர் வேடிக்கை முடிந்ததும் கலைந்தனர். நோயாளியை அறியாதவர் அடுத்த ஆண்டு வருவதில்லை.

அப்படியானால் கூட்டத்தை ஆண்டுதோறும் வரவழைப்பது எவ்வாறு? இலண்டன் மாரத்தான் ஓட்டத்தில் இதற்கோர் விடை உண்டு. 1981 மார்ச் 29 அன்று ஏழாயிரத்துச் சொச்சம் பேருடன் தொடங்கிய ஓட்டம் அது. இன்று ஒரே நாளில் அறப்பணிக்காக மிகப் பெருந்தொகை திரட்டும் ஆண்டு நிகழ்ச்சியாக அறியப்படுகிறது. 2025-இல் மட்டும் எட்டுக் கோடியே எழுபது இலட்சம் பவுனுக்கு மேல் திரண்டது. ஓட்டத்தை நடத்துவது ஓர் அமைப்பு. பணம் திரட்டுவதோ ஆயிரக்கணக்கான அறநிறுவனங்கள். ஓட விரும்புவோர் மிகப் பலர், இடமோ குறைவு. அறநிறுவனங்கள் குறிப்பிட்ட இடங்களை முன்பணம் செலுத்திப் பெற்றுக்கொள்கின்றன. அவ்விடத்தை விரும்பும் ஓட்டக்காரர், "இத்தனை பவுன் திரட்டித் தருவேன்" என்று அந்நிறுவனத்திற்கு வாக்களித்து இடத்தைப் பெறுகிறார். பிறகு தம் உறவினர், நண்பர், அலுவலகத்தார், அண்டை வீட்டார் என்று ஒவ்வொருவரிடமும் அவரே சென்று கேட்கிறார். அறநிறுவனத்தின் பெயரைக்கூடக் கேட்டிராத ஐம்பது பேர் அவருக்காகக் கொடுக்கின்றனர். ஆகக் கொடையாளரைத் தேடும் வேலையை அறநிறுவனம் செய்வதில்லை, ஆர்வலர் செய்கிறார். சிறிய அறநிறுவனம் ஒன்று தானே இவ்வளவு பெரிய நிகழ்ச்சியை நடத்த எண்ணினால் ஒரே ஆண்டில் கடனாளியாகிவிடும். மற்றவர் விரித்த பந்தலில் தனக்கொரு பாயை விரித்துக்கொள்கிறது, அது போதுமாயிருக்கிறது.

நமக்கு இதில் ஒரு குறிப்பு உண்டு. பக்கத்து மஹல்லாக்களும் இதே போன்ற கல்வி நிதிகளை வைத்துள்ளன. ஒவ்வொரு ஜமாஅத்தும் தனித்தனியே மண்டபம், ஒலிபெருக்கி, பந்தல், அச்சு என்று செலவு செய்வதைக் காட்டிலும், நான்கைந்து ஜமாஅத்துகள் ஒரே நாளில் ஒரே பந்தலில் கூடி, கணக்கைத் தனித்தனியே வைத்துக்கொள்வது சிக்கனம். யார் பெயர் அழைப்பிதழில் முதலில் வருவது என்னும் வினா எழும். எழட்டும்; அகர வரிசையில் போட்டுவிடலாம்.

இனி, செலவுக்கு வருவோம். நிதி திரட்டும் வழிகளுள் விழாவே செலவு மிக்கது என்பதில் ஐயமில்லை. கையிலே காகிதம் எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நானூறு பேருக்கு விருந்து, தலைக்கு 350 ரூபாய் வீதம் 1,40,000. மண்டப வாடகை 60,000. பந்தல், ஒலி, ஒளி 50,000. அழைப்பிதழ், அச்சு 25,000. ஆக 2,75,000 ரூபாய். அன்றைய வசூல் ஐந்து இலட்சம் என்று வைத்துக்கொண்டால், நிதிக்குச் சேர்வது 2,25,000 மட்டுமே. கொடுத்த நூறு ரூபாயில் ஐம்பத்தைந்து ரூபாய் பிரியாணியாகவும் பந்தலாகவும் போயிற்று என்பது வெளியே தெரிந்தால் அடுத்த ஆண்டு எவர் வருவார்? ஆகவே முதல் நிபந்தனை: விழாச் செலவு முழுவதையும் வசூலிலிருந்து எடுக்கலாகாது. அதனை ஏற்கும் புரவலர்களை முன்கூட்டியே தேடிப் பெற வேண்டும். பெறும் வரை தேதி குறிக்கலாகாது. "இன்று நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் மாணவருக்கே" என்று மேடையில் சொல்ல இயலும் நிலை வந்த பிறகே மேடை போட வேண்டும்.

அதே கணக்கின் மறுபாதியையும் பாருங்கள். வந்த நானூறு பேரில் நூற்றைம்பது பேர் மாதம் இருநூறு ரூபாய் தருவதாக அன்று படிவம் நிரப்பிக் கொடுத்தால், ஆண்டுக்கு 3,60,000 ரூபாய், மூன்றாண்டில் 10,80,000. அதற்கு மண்டபமும் வேண்டாம், விருந்தும் வேண்டாம். விழாவின் உண்மையான வசூல் பணப்பெட்டியில் இல்லை. வரவேற்பு மேசையில் எழுதப்படும் பெயர்ப் பதிவேட்டில் இருக்கிறது. நம் ஊர்களில் வாயிலில் பன்னீர் தெளிக்க நால்வரை நிறுத்துகிறோம்; பெயர் எழுத ஒருவரைக்கூட நிறுத்துவதில்லை.

சட்டம் குறித்துச் சில சொற்கள். நன்கொடையாளருக்கு வருமானவரிச் சலுகை கிடைக்குமாயின் கொடை பெருகும் என்பது வணிகர்கள் நன்கறிந்தது. 80ஜி என்று நெடுங்காலமாக அறியப்பட்டுவந்த அச்சலுகை, ஒரு குறிப்பிட்ட மதப் பிரிவினரின் நன்மைக்கென்றே அமைந்த அறக்கட்டளைக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. நம் கல்வி உதவி நிதி ஜமாஅத்தின் ஒரு பிரிவாக, ஜமாஅத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றிருக்கும் வரை அதனைப் பெறும் வழி இல்லை. தனி அறக்கட்டளையாகப் பதிவு செய்து, ஊரில் உள்ள தகுதியும் தேவையும் உடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டால் வழி உண்டு. அலீகரை முன்னே கூறியது இதற்காகத்தான். "நம் பிள்ளைகளுக்கே போதவில்லையே" என்று சிலர் கவலைப்படலாம். கதவை அகலத் திறந்தால் வரவும் அகலும் என்பது நம் கருத்து, முடிவு பொதுக்குழுவினுடையது.

இரண்டாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு அச்சலுகை இல்லை. காசோலையாகவோ வங்கி வழியாகவோ வர வேண்டும். பெயர், முகவரி இன்றி உண்டியலில் விழும் தொகை ஒரு வரம்பைத் தாண்டினால், கல்வி போன்ற பொது அறப்பணி அறக்கட்டளைகள் அதற்கு வரி செலுத்த வேண்டியிருக்கும். ஆதலின் விழாவில் துண்டை விரித்து வசூலிக்கும் பழைய வழக்கத்தை விட்டு, தொகை சிறிதாயினும் ரசீது கொடுப்பதே முறை.

வெளிநாடு வாழ் சகோதரர்கள் பற்றியும் தெளிவு வேண்டும். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பணிபுரியும் நம்மவர்கள் இந்தியக் குடியுரிமையோடு இருப்பாராயின், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பும் தொகை அயல்நாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. அவர்களே அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டாலோ, அவர்கள் தருவது அயல்நாட்டு நன்கொடை ஆகிவிடுகிறது. அதனைப் பெற 2010-ஆம் ஆண்டின் அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020-இல் வந்த திருத்தத்தின்படி அத்தகைய தொகை புதுடில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் குறிப்பிட்ட கணக்கிலேயே முதலில் வந்து சேர வேண்டும். அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டிலும் தம்பி மலேசியக் கடவுச்சீட்டிலும் இருக்கும் குடும்பங்கள் நம் மஹல்லாவில் உண்டு. ஒரே வீட்டுப் பணத்திற்கு இரு சட்டங்கள். விழா உற்சாகத்தில் இதனை மறந்து ஒரே கணக்கில் வாங்கிப் போட்டுவிட்டால், மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நேர்ந்தது இங்கும் நேரும்.

ஜகாத்தாகத் தரப்படும் தொகைக்குத் தனிப் பெட்டியும் தனி ரசீதும் தனிக் கணக்கும் வேண்டும் என்பதை உலமாப் பெருமக்கள் முன்பே வலியுறுத்தியுள்ளனர். அதனைப் பெறுவதற்குரியோர் யாவர் என்பது வரையறுக்கப்பட்டது. விழாச் செலவையும் அதனையும் கலக்க இடமில்லை. இதற்கு மேல் அவர்கள் வழிகாட்டலுக்கே விட்டுவிடுகிறோம்.

மற்றொன்று, இதனைச் சற்று அழுத்தமாகவே கூற வேண்டியுள்ளது. நிதி திரட்டும் மேடைகளில் உதவி பெறும் மாணவனையோ மாணவியையோ அழைத்து நிறுத்தி, தந்தை இல்லாத பிள்ளை, தாய் வீட்டு வேலை செய்கிறார் என்றெல்லாம் ஒலிபெருக்கியில் அறிவித்து, பெரிய அட்டைக் காசோலையைக் கையில் கொடுத்து, படமெடுத்து நாளிதழுக்கு அனுப்பும் வழக்கம் பரவிவருகிறது. அப்படம் ஒரு பருவக் கட்டணத்தோடு முடிவதில்லை. அந்தப் பிள்ளையின் திருமணப் பேச்சு வரை பின்தொடர்கிறது. இரக்கம் பிறந்தால் பணம் வரும் என்பது உண்மையே. ஆனால் நம் பிள்ளைகளின் முகத்தை விற்று வரும் பணம் நமக்கு வேண்டாம். படித்து முடித்து வேலைக்குச் சென்றவர்கள், தாமே விரும்பினால் வந்து பேசட்டும். அவர்கள் பேச்சுக்கு வலு அதிகம். அவர்களே முதற்கொடையாளராகவும் ஆகக்கூடும்.

அதேபோல், "இன்னார் ஐம்பதாயிரம்" என்று ஏலம் போடுவது போல் அறிவித்து, அடுத்து அமர்ந்திருப்பவரைக் கூசச் செய்வதும் வேண்டாம். வெளிப்படையாகக் கொடுப்பதையும் மறைவாகக் கொடுப்பதையும் மார்க்கம் ஏற்கிறது. எதனை விரும்புகிறார் என்பதைக் கொடுப்பவரே படிவத்தில் குறிக்கட்டும். கடன் வாங்கி மேடையில் பெயர் சொல்லவைத்தவர், அடுத்த ஆண்டு அழைப்பிதழைக் கண்டாலே ஊரைவிட்டுப் போய்விடுவார்.

விழாவினால் வரும் பயன்களுள் பணத்தோடு சேராத ஒன்றும் உண்டு. நம் இளைஞர்களில் கணக்காளர்கள், கணினி வல்லுநர்கள், அச்சுத் தொழில் செய்வோர், சமையற்காரர்கள் எனப் பலர் இருக்கின்றனர். வெள்ளிக்கிழமை வந்து தொழுதுவிட்டுச் செல்லும் அவர்களில் பாதிப் பேரின் பெயர் நிர்வாகத்திற்குத் தெரியாது. ஒரு பெருவிழாவுக்கு நூறு கைகள் வேண்டும். ஆறு மாதம் சேர்ந்து உழைத்த நூறு பேரில் பத்துப் பேராவது நாளை இந்த நிர்வாகத்தின் சுமையைத் தோளில் ஏற்பார்கள். பெண்கள் பகுதியின் ஏற்பாடு முழுவதையும் பெண்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்பதும் நம் கோரிக்கை. எந்த வீட்டுப் பெண்பிள்ளை பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள் என்பது ஆண்களைவிட அவர்களுக்கே தெரியும்.

ஆகவே விழா நடத்தலாம் என்றே கூறுகிறோம். ஆனால் இந்த ரமளானுக்குள் அன்று. அறக்கட்டளைப் பதிவும் வரிச் சலுகைக்கான விண்ணப்பமும் முதலில் முடியட்டும். பட்டயக் கணக்காளர் ஒருவரைத் தொடக்கத்திலேயே உடன் அமர்த்திக்கொள்வோம். முடிந்த பிறகு கணக்கைக் கொண்டுபோய்க் காட்டுவதில் பயன் குறைவு. காவல் துறை, தீயணைப்புத் துறை அனுமதிகளை அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம். விழா முடிந்த முப்பதாம் நாள், எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவாயிற்று, எத்தனை பிள்ளைகளுக்கு எந்தக் கல்லூரிக்குச் செலுத்தப்பட்டது என்னும் விவரம், பெயர்களைத் தவிர்த்து, பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். ஐம்பது ரூபாய் கொடுத்தவருக்கும் அதன் படி ஒன்று அஞ்சலிலோ கைபேசியிலோ போய்ச் சேர வேண்டும். ஆறாம் மாதம் மீண்டும் ஒருமுறை எழுத வேண்டும். அப்போது பணம் கேட்கக் கூடாது, படிப்பு எப்படி நடக்கிறது என்பதை மட்டும் தெரிவிக்க வேண்டும்.

இத்தீர்மானம் பொதுக்குழுவின் ஒப்புதலைப் பெறுமாயின், முன்னேற்பாட்டுக் குழுவில் பணியாற்ற விரும்புவோர் வரும் ஜும்ஆ தொழுகைக்குப் பின் செயலாளரிடம் தம் பெயரையும் தொழிலையும் எழுதிக் கொடுக்குமாறு வேண்டுகிறோம். பெண்கள் தத்தம் தெருவின் மகளிர் பொறுப்பாளரிடம் கொடுக்கலாம். பெயர் எழுதும் பதிவேடு ஒன்று இன்று முதலே அலுவலக மேசையில் வைக்கப்பட்டுள்ளது.